வேலங்குப்பத்துக்கு ஒரு விதிவிலக்கு

வேலங்குப்பம்,
12-3-1978

அன்புள்ள சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு,

வேணு எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் மூன்று நாளாக என்னால் டீக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. காரணம் நீங்கள்.

வியாழக்கிழமை பேப்பரில் நாலாம் பக்கத்தில் உங்கள் பெயர் வந்திருந்தது. கல்வித் துறைக்குக் கேட்கப்படும் தொகையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று நீங்கள் தீர்மானம் கொடுத்திருப்பதாகப் போட்டிருந்தான். என் பங்காளி துரைராஜ் அதைக் கடைக்கே கேட்கிற மாதிரி படித்தான். படித்துவிட்டு, "இன்னாடா வேணு, பள்ளிக்கூடம் கேட்டு வாங்கியாருவாருன்னு அனுப்பி வெச்சா, ஒங்க அண்ணாச்சி இருக்கறதுலயே நூறு ரூபா கொறைக்கச் சொல்லிகினு இருக்காரு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் நீங்கள் நெய்வேலி மைன்ஸ் வேலையை விட்டுச் சுயேச்சையாக நின்றபோது, இரண்டாம் ஷிப்ட் முடிந்து உங்கள் பின்னால் சைக்கிளில் கொடி கட்டிக்கொண்டு அலைந்தவன் நான். வரவேற்பு வளைவு, மந்திரிக்குப் பின்னால் பதினைந்து கார், திறப்பு விழா, அதற்கு ஒரு நன்றி விழா: இதற்கெல்லாம் சட்டம் போட்டு ஒரு வரம்பு கட்டினால் ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டலாம் என்று ஊர் ஊராகச் சொன்னீர்கள். நானும் சொன்னேன். எங்கள் ஊர் அதை நம்பித்தான் ஓட்டுப் போட்டது.

எங்கள் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பதாவதுக்குப் பண்ருட்டி போக வேண்டும். பையன்கள் சைக்கிளில் போகிறார்கள். பெண்பிள்ளைகள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறார்கள். இந்த வருடம் எட்டாவது முடிக்கிற பெண்கள் இருபத்து மூன்று பேர். அதில் என் மகள் பாப்பாவும் ஒருத்தி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்வி ஆபீஸிலிருந்து ஆள் வந்தார். உயர்நிலைப் பள்ளி வேண்டுமானால் ஊர் சார்பாக ஐந்து ஏக்கர் நிலத்தைச் சுத்தம் செய்து, மார்ச் முடிவதற்குள் சர்க்கார் பெயருக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ரோட்டை ஒட்டி இருப்பது என்னுடைய மூன்று ஏக்கரும் துரைராஜின் இரண்டு ஏக்கரும்தான். எல்லாம் காய்க்கிற முந்திரி. இப்போது பிஞ்சு விட்டிருக்கிறது. வெட்டினால் இந்த வருட மகசூல் போச்சு. மரம் திரும்ப வர எத்தனை வருடம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மைன்ஸில் நான் கான்ட்ராக்ட் கூலி. எனக்கு மாதச் சம்பளம் அந்த மரங்கள்தான்.

பள்ளிக்கூடம் நிச்சயமா? ஒரு வரி எழுதுங்கள். கோடாலியை எடுக்கும் முன் உங்கள் வார்த்தை எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
வேணு


சட்டமன்ற உறுப்பினர் விடுதி,
சென்னை-2,
16-3-1978

தம்பி வேணுவுக்கு,

நூறு ரூபாய் விவகாரத்தில் குற்றவாளி நான்தான். ஆனால் குற்றம் வேறு. சபையில் ஒரு துறையின் குறையைப் பற்றிப் பேச வேண்டுமானால், அந்தத் துறைக்குக் கேட்கிற கோடிக்கணக்கான தொகையில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். வெட்டுத் தீர்மானம் என்று பெயர். பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்க வழி, பள்ளிக்கூடப் பணத்தை வெட்டச் சொல்வது! முதல் நாள் நானும் துரைராஜ் மாதிரிதான் விழித்தேன். மந்திரி பதில் சொன்னதும் உறுப்பினர் எழுந்து தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். நூறு ரூபாய் ஒருநாளும் வெட்டப்படுவதில்லை. இதை டீக்கடையில் நீயே விளக்கு, எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

மந்திரி பதில் சொன்னார். "வேலங்குப்பம் நடுநிலைப் பள்ளி வரும் ஜூன் முதல் உயர்நிலைப் பள்ளியாக உயர்த்தப்படும்." அவை நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிட்டது. நான் நன்றி சொல்லித் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றேன். மரத்தை வெட்டு. நிலத்தை எழுதிக் கொடு. இது என் வார்த்தை.

இன்னொரு செய்தி. செலவு வரம்பு மசோதாவை வெள்ளிக்கிழமை அறிமுகம் செய்கிறேன். விழாச் செலவு, மந்திரிகள் பயணச் செலவு, விளம்பரச் செலவு, மூன்றுக்கும் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு. தனி ஆள் கொண்டுவரும் மசோதா எதுவும் சட்டமானதாக இங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை என்று விடுதி கான்டீன்காரர்கூடச் சொல்கிறார். பார்க்கலாம். ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை நூலிழைதான். என் ஒரு ஓட்டுக்கும் இங்கே மதிப்பு இருக்கிறது.

நெய்வேலி டீச்சர் குவார்ட்டர்ஸ் பக்கம் போனால் உன் மதினியைப் பார்த்து, சனிக்கிழமை வருவேன் என்று சொல். பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சங்கரலிங்கம்


வேலங்குப்பம்,
2-4-1978

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வெட்டியாகிவிட்டது. நாலு நாள் வேலை. இருநூற்றுச் சொச்சம் மரம். துரைராஜ் முதலில் முரண்டு பிடித்தான். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, மந்திரி சொன்னாரு, அண்ணாச்சி சொன்னாரு, நீயும் சொல்ற. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் ஒன்னத்தான் கேப்பேன்" என்றான். அவனும் கோடாலி எடுத்து வந்தான்.

என் மனைவி தனபாக்கியம் முதல் நாள் தோப்புக்கு வரவில்லை. இரண்டாம் நாள் வந்து, கீழே கிடந்த பிஞ்சையெல்லாம் கூடையில் பொறுக்கிக்கொண்டாள். அது எதற்கும் உதவாது என்றேன். தெரியும் என்றாள்.

29-ஆம் தேதி பண்ருட்டி ரிஜிஸ்தர் ஆபீஸில் தானப் பத்திரம் எழுதி முடிந்தது. நிலம் இப்போது சர்க்காருடையது. வேர் தோண்டிச் சமம் செய்ததும் ரோட்டிலிருந்து பார்த்தால் பெரிய மைதானமாகத் தெரிகிறது. பாப்பாவும் அவள் வகுப்புப் பெண்களும் போய் எந்த மூலையில் ஒன்பதாம் வகுப்பு, எந்த மூலையில் பத்தாம் வகுப்பு என்று கல் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். சண்டை வேறு.

உங்கள் மசோதா பற்றிப் பேப்பரில் படித்தேன். டீக்கடையில் இப்போது எனக்கு மரியாதை திரும்பி வந்துவிட்டது.

இப்படிக்கு,
வேணு


சென்னை-2,
24-4-1978

தம்பி வேணுவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். இந்த மூன்று வாரத்தில் நான் தூங்கிய நேரம் குறைவு.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். மசோதா சட்டமாகப் போகிறது. என் மசோதாவாக அல்ல, சர்க்கார் மசோதாவாக. நிதி மந்திரி கூப்பிட்டு அனுப்பினார். காபி கொடுத்தார். "உங்கள் கொள்கை எங்கள் கொள்கைதான். நாங்களே கொண்டுவருகிறோம். நீங்கள் வழிமொழியுங்கள்" என்றார். சில மாற்றங்கள் மட்டும் வேண்டும் என்றார்.

விழா என்பது மக்கள் தொடர்பாம், அதற்கு வரம்பு கட்டினால் திட்டங்கள் மக்களுக்குத் தெரியாமல் போகுமாம். அது எடுக்கப்பட்டது. பயணம் என்பது நிர்வாகமாம். அதுவும் எடுக்கப்பட்டது. விளம்பரம் பற்றி நான் ஒரு முழு நாள் சண்டை போட்டேன். கடைசியில் "நியாயமான அளவில்" என்ற இரண்டு சொற்களுக்கு ஒத்துக்கொண்டேன். அது எவ்வளவு என்று சட்டம் சொல்லாது. அப்படியானால் வரம்பு எதற்குத்தான் என்று கேட்டேன். இன்னும் தொடங்காத புதிய பணிகளுக்கு என்றார்கள்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். நானும் நினைத்தேன். ஆனால் எழுந்து வெளியே வந்திருந்தால் மசோதா அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும். செலவுக்கு வரம்பு என்று ஒரு சட்டம் இருந்தால், அடுத்த வருடம் அதில் ஒரு பிரிவைச் சேர்க்கலாம், அதற்கடுத்த வருடம் இன்னொன்று. ஒன்றுமே இல்லாத இடத்தில் எதைச் சேர்ப்பது? இதை நான் உனக்குச் சொல்கிறேனா எனக்கே சொல்லிக்கொள்கிறேனா என்று தெரியவில்லை.

பள்ளி விஷயமாகக் கல்வித் துறையில் ஒரு வார்த்தை கேட்டு எழுதுகிறேன். கவலைப்படாதே. பாப்பா பரீட்சை எப்படி எழுதினாள்?

சங்கரலிங்கம்


வேலங்குப்பம்,
21-5-1978

உயர்திரு சங்கரலிங்கம் எம்.எல்.ஏ. அவர்களுக்கு,

வேலங்குப்பம் வேணு எழுதிக்கொள்வது.

எழுதுகிறேன் என்றீர்கள். ஒரு மாதம் பார்த்தேன். வராததால் கடலூர் கல்வி ஆபீஸுக்கு நானும் துரைராஜும் நேரில் போனோம். எங்கள் பள்ளிக்கூடத்து ஃபைல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. புதிய சட்டப்படி, தொடங்காத புதிய பணிகள் எல்லாம் நிறுத்தமாம். எட்டாவதை ஒன்பதாவது ஆக்குவதும் புதிய பணிதானாம். கிளார்க் நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொல்லிச் சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, "இந்தச் சட்டத்தைக் கொண்டாந்ததே உங்க எம்.எல்.ஏ. தானேங்க? நீங்க அவரத்தானே கேக்கணும்?" என்றார்.

நிலத்தையாவது திருப்பிக் கேட்டோம். தானமாக எழுதியதைத் திருப்ப வழியில்லை என்றார்.

இன்னொன்றும் சொன்னார். மசோதாவுக்கு ஆதரவு கொடுத்த ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தன் தொகுதியில் ஒரு வேலைக்கு விதிவிலக்கு வாங்கிக்கொள்ளலாமாம். பட்டியலைக் காட்டினார். ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்கியிருக்கிறார். ஒருத்தர் நீரூற்று வைக்க வாங்கியிருக்கிறார். உங்கள் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் திரும்பினோம். ஊரில் இறங்கியதும் துரைராஜ், "நான் ஒன்னத்தான் கேப்பேன்னு சொன்னேன் இல்ல? கேக்கறேன். எதுக்குடா வெட்டனோம்?" என்றான்.

அதே கேள்வியை உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் பெயருக்கு எதிரே ஏன் ஒன்றும் இல்லை?

வேணு


சென்னை-2,
28-5-1978

வேணு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிக்கும் முன் அனுப்பிவிடுகிறேன்.

விதிவிலக்கு எனக்கும் கொடுத்தார்கள். உண்மையில் எனக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். "உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, எழுதிக்கொள்ளட்டுமா?" என்று நிதி மந்திரி பேனாவைத் திறந்தார். நான் வேண்டாம் என்றேன். வரம்பு கொண்டுவந்தவனே வரம்பைத் தாண்டும் முதல் ஆளாக இருந்தால், மறுநாள் அந்தச் சட்டத்தை யார் மதிப்பார்கள்? வெளியில் நின்ற நிருபர்கள் அதைத்தான் எழுதக் காத்திருந்தார்கள். நான் மறுத்தால் மற்றவர்களும் வெட்கப்பட்டு மறுப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வெட்கப்படவில்லை. நான் அறையை விட்டு வெளியே வருவதற்குள் நீரூற்று உள்ளே போய்விட்டது.

வெளியே வந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. உன் மரங்கள் அப்போது என் நினைவில் இருந்தனவா என்று கேட்டால், இருந்தன. இருந்தும்தான் சொன்னேன்.

போன சனிக்கிழமை குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது உன் மதினி பேச்சியம்மாளிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கொள்கைய நீங்க வச்சுக்கிடுங்க. அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்லப் போறீய?" என்றாள். அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஓர் இடம் கேட்டு வைத்திருக்கிறாள். பாப்பா எங்கள் குவார்ட்டர்ஸிலேயே தங்கிப் படிக்கட்டும். எங்களுக்கும் பிள்ளை இல்லை. செலவைப் பற்றி நீ பேசக் கூடாது.

இதையாவது செய்ய விடு.

சங்கரலிங்கம்


வேலங்குப்பம்,
11-6-1978

அண்ணாச்சிக்கு,

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எட்டாவது வரைக்கும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மந்திரிகள் விழாவுக்கு வளைந்தீர்கள், பயணத்துக்கு வளைந்தீர்கள், விளம்பரத்துக்கு ஒரு நாள் சண்டை போட்டு வளைந்தீர்கள். எங்கள் பள்ளிக்கூடம் வந்ததும் நிமிர்ந்து நின்றீர்கள். இதில் நீங்கள் நிமிர்ந்ததால் நஷ்டப்பட்டது யார் என்று மட்டும் பாருங்கள். வேறு எதுவும் நான் சொல்லவில்லை.

பாப்பா விஷயம். மதினிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பாப்பா வரமாட்டாள். என் பேச்சைக் கேட்டுத்தான் துரைராஜ் மரத்தை வெட்டினான். என்னை நம்பித்தான் ஊர் உங்களுக்கு ஓட்டுப் போட்டது. அவன் மகளும் பாப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள்தான். இருபத்திரண்டு பெண்கள் கொட்டை உடைக்கப் போகும்போது என் மகள் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெய்வேலி பஸ் ஏறினால், இந்த ஊரில் நான் எப்படி நடமாடுவது?

தனபாக்கியத்திடம் இதைச் சொன்னேன். "அவரும் ஊரு இன்னா சொல்லும்னு பாத்தாரு, நீயும் அதத்தான் பாக்குற. ரெண்டு பேரும் நல்லவங்கதான். நடுவுல எம்பொண்ணு உக்காந்துகினு இருக்கறா" என்றாள்.

வேணு


சென்னை-2,
2-8-1978

தம்பி வேணுவுக்கு,

இதை உனக்கு வேறு யாரும் சொல்லும் முன் நான் சொல்லிவிட வேண்டும்.

செலவு வரம்புச் சட்டத்துக்கு இப்போது சிக்கனச் சட்டம் என்று பெயர். அதற்கு நன்றி தெரிவித்து மாவட்டத்துக்கு ஒரு விழா நடத்தச் சர்க்கார் முடிவு செய்திருக்கிறது. விழாவுக்கு வரம்பு இல்லை, அது உனக்குத் தெரியும். நம் மாவட்ட விழாவில் எனக்குப் பாராட்டு. 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மந்திரிகள் வருகிறார்கள். பெரிய சமதள மைதானமாக, ரோட்டோரமாக, சர்க்கார் நிலமாக ஓர் இடம் தேடியிருக்கிறார்கள். வேலங்குப்பத்தில் ஐந்து ஏக்கர் இருக்கிறதாம்.

இடம் மாற்றச் சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டார்கள். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

நான் வராமல் இருந்துவிடலாம். காய்ச்சல் என்று தந்தி அடித்தால் போதும். ஆனால் பள்ளிக்கூடத்தை அடுத்த வருடப் பட்டியலில் சேர்ப்பதாகக் கல்வி மந்திரி சொல்லியிருக்கிறார்; அந்த மேடையில் அவர் பக்கத்தில் உட்காராமல் அதை எப்படி வாங்குவது? மறுபடியும் அதே கணக்குதான். உனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும்.

வர வேண்டாம் என்று நீ ஒரு கார்டு போட்டால் வரமாட்டேன்.

சங்கரலிங்கம்


வேலங்குப்பம்,
16-8-1978

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கார்டு போடாதது வேண்டுமென்றுதான். நீங்கள் வந்து அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பார்த்தீர்கள். மேடையிலிருந்து மந்திரி பேசும்போது நீங்கள் தலையைக் குனிந்தே இருந்ததைக் கூட்டத்தின் கடைசியிலிருந்து பார்த்தேன். கார்கள் பதினேழு. துரைராஜ் எண்ணினான். எண்ணிவிட்டு என்னைப் பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

எழுத வந்தது அதுவல்ல.

வரவேற்க ஆரத்தித் தட்டு பிடிக்கப் பள்ளிக்கூடப் பெண்கள் வேண்டும் என்று ஆபீஸர்கள் முதல் நாள் வந்து கேட்டார்கள். எட்டாவதில் உயரமான பெண்கள் போதவில்லை. அதனால் இந்த ஏப்ரலில் எட்டாவது முடித்த பெண்களுக்கும் தாவணியும் ரிப்பனும் கொடுத்து நிறுத்தினார்கள். பாப்பாவும் நின்றாள். முந்திரிக்கொட்டை உடைத்து அதன் பால் பட்டுக் கை கறுத்திருக்கிறதே என்று தனபாக்கியம் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து அனுப்பினாள்.

நீங்கள் வந்து இறங்கியபோது நான் மேடைப் படிக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். படியில் நீங்கள் பாப்பாவைப் பார்த்து நின்றீர்கள். பக்கத்தில் மந்திரி, நிருபர், போட்டோக்காரர் எல்லோரும் நின்றார்கள். மந்திரி குனிந்து, "என்ன வகுப்பும்மா?" என்று கேட்டார். உங்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பாப்பா, "ஒன்பதாம் வகுப்புங்க" என்றாள். மந்திரி அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏம்மா பொய் சொன்ன?" கோபமாகத்தான் கேட்டேன். எட்டாவதோடு நின்றுவிட்டேன் என்று அங்கே சொல்லியிருந்தால் மறுநாள் பேப்பரில் வந்திருக்கும், எங்கள் ஊருக்கு ஒரு வழி பிறந்திருக்கும் என்று எனக்கு ஆற்றாமை. அவள் தாவணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "பாவம்பா அவரு. அத்தினி பேரு பாத்துகினு இருக்கறப்ப அவரு ரொம்பப் பயந்துட்டாரு. மூஞ்சியப் பாத்தேன். அதான் சொல்ட்டேன். அப்புறம், ஒனக்கும் தலகுனிவு தானப்பா?"

பதின்மூன்று வயது. நம் இரண்டு பேர் மானத்தையும் அவள் ஒரே வார்த்தையில் காப்பாற்றிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அண்ணாச்சி. கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். அவள் சொன்ன பொய்யை உண்மையாக்காமல் விட எனக்கு மனமில்லை. மதினி கேட்டு வைத்த இடம் இன்னும் இருக்கிறதா? இரண்டு மாதப் பாடம் போயிருக்கும், எழுதிப் பிடித்துவிடுவாள். இருந்தால் வருகிற திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானே அவளை அழைத்து வருகிறேன். பெட்டியைத் தனபாக்கியம் இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.

மற்ற இருபத்திரண்டு வீட்டிலும், துரைராஜிடம் முதலில், என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் பெண் ஒருத்திக்கு மட்டும் ஏன் என்று கேட்பார்கள். கேட்பது நியாயம். அதற்கு என்ன பதில் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். அதில் என்னைவிட உங்களுக்குப் பழக்கம் அதிகம்.

இப்படிக்கு,
வேணு